யீலானின் சென் டிங்நான்: ஒரு மாவட்டத்தின் அளவுக்கு வாழ்ந்தவர்



உள்ளாட்சி குறித்து ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு என்பது என்னைப் பேச அழைத்த அறக்கட்டளையின் நெறி. இந்த ஆண்டு எந்தத் தலைப்பில் பேசப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். தைவானில் ஒரு மாவட்டத் தலைவரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவ்வளவு தூரம் ஏன் போகிறீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

நான் முப்பது ஆண்டுகள் உள்ளாட்சித் தணிக்கையில் இருந்தவன். சாலை, வாய்க்கால், பள்ளிக் கட்டடம் எதைப் பார்த்தாலும் எத்தனை கன மீட்டர் கான்கிரீட், அளவுப் புத்தகத்தில் என்ன எழுதினார்கள் என்றுதான் முதலில் மனம் போகும். சென்ற ஆண்டு ஷின்சு நகரில் ஆய்வு செய்துகொண்டிருக்கும் மகனைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை யீலானுக்கு அழைத்துப் போனான். தோங்ஷான் ஆறு என்று ஓர் ஆறு, சுமார் 24 கிலோமீட்டர் நீளம். மலையில் பிறந்து, சற்றே ஓடி, கடலில் கலந்துவிடும் சிற்றாறு. அதன் கரையில் நின்றபோது ஒன்று கண்ணில் பட்டது. வெள்ளத்துக்கு அணை போட்ட கரையில் வழக்கமாக ஒரு சுவர் இருக்கும். ஆற்றை மக்களிடமிருந்து பிரித்து வைக்கும் சுவர். இங்கே கரை படிப்படியாகத் தண்ணீருக்கு இறங்கியது. படிகளில் கூழாங்கல் பதித்திருந்தார்கள். குழந்தைகள் இறங்கி விளையாட முழங்கால் ஆழத் தொட்டிகள். குனிந்து அந்தக் கல் பதிப்பைத் தடவிப் பார்த்தேன். முப்பது ஆண்டுக்கு முந்தைய வேலை. ஒரு கல்கூடப் பெயரவில்லை. இதை யார் செய்வித்தது என்று மகனைக் கேட்டேன். அவன் தன் நண்பரைக் கேட்டான். அவர் ஒரே பெயரைச் சொன்னார்: சென் டிங்நான்.

அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதிலிருந்து எனக்குத் தோன்றியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென் டிங்நான் பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினரானார், நீதித்துறை அமைச்சரானார். ஆனால் அவர் கையில் உண்மையான ஆற்றல் இருந்தது ஒரு சிறு மாவட்டத்தின் தலைவராக இருந்த எட்டு ஆண்டுகளில்தான். பதவி ஏற ஏற அவர் செய்ய முடிந்தது குறைந்துகொண்டே வந்தது.

அவர் வகித்த பதவி எது என்பதைத் தெளிவாக்கிவிட வேண்டும். மாவட்டத் தலைவர் என்றதும் நம் ஆட்சியர் நினைவுக்கு வரக் கூடாது. தைவானில் 1950 முதல் மாவட்டத் தலைவரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான்கு ஆண்டுப் பதவிக்காலம். தொடர்ந்து இரண்டு முறைதான் இருக்கலாம். அன்று மத்தியில் குவோமின்தாங் கட்சியின் ஒற்றை ஆட்சி. 1949 மே மாதம் பிறப்பித்த இராணுவச் சட்டம் 1987 ஜூலை 15 வரை, 38 ஆண்டுகள் நீடித்தது. எதிர்க்கட்சி தொடங்கத் தடை. ஆனாலும் ஊர்த் தேர்தல்கள் நடந்தன. கட்சி இல்லாமல் எதிர்த்து நின்றவர்களைத் 'தாங்வாய்' என்றார்கள். கட்சிக்கு வெளியே இருப்பவர்கள் என்று பொருள். தைவானின் மக்களாட்சி மேலிருந்து இறங்கி வந்ததைவிட இந்த ஊர்த் தேர்தல்களில் கீழிருந்து முளைத்து வந்தது என்பதே சரி.

யீலான் தீவின் வடகிழக்கு மூலை. மூன்று பக்கம் மலை, நான்காவது பக்கம் பசிபிக் கடல். நடுவில் முக்கோண வடிவில் லான்யாங் சமவெளி, நெல் வயல்கள். வடகிழக்குப் பருவக்காற்றில் மாதக்கணக்கில் மழை. தலைநகர் தைபேய் வெகு தொலைவில் இல்லை. ஆனால் இடையில் மலை. அந்த மலை யீலானை ஏழையாக வைத்திருந்தது, தனிமையாகவும் வைத்திருந்தது. இந்த மண்ணுக்கு எதிர்க்குரல் மரபு உண்டு. ஜப்பானியர் ஆட்சியில் 1921-இல் தைவான் பண்பாட்டுக் கழகத்தைத் தொடங்கிய மருத்துவர் சியாங் வெய்ஷுய் யீலான்காரர். மாகாண அவையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அரசை எதிர்த்துப் பேசிய குவோ யூஷின் யீலான்காரர். அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் லின் யிஷியுங் யீலான்காரர். 1979 டிசம்பரில் காவ்ஷியுங் நகரில் மனித உரிமை நாள் கூட்டம் மோதலில் முடிந்தது. எதிர்க்குரல் தலைவர்களைக் கூண்டோடு பிடித்து இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். லின் யிஷியுங்கும் அவர்களில் ஒருவர். அவர் சிறையில் இருக்கும்போதே, 1980 பிப்ரவரி 28 அன்று, அவருடைய தாயும் இரட்டைப் பெண் குழந்தைகளும் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார்கள். கொலையாளி யார் என்று இன்றுவரை நிறுவப்படவில்லை.

இந்தச் சூழலில்தான் சென் டிங்நான் தேர்தலில் நின்றார். 1943-இல் யீலானின் சான்சிங் என்ற ஊரில் பிறந்தவர். வெங்காயத்தாளுக்குப் பேர்போன ஊர். தைவான் தேசியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துவிட்டு வணிகத்துக்குப் போனவர். 38 வயது வரை அரசியலில் அவருக்கு ஒரு பதவியும் இல்லை. 1981 இறுதியில் கட்சி, பணம், பரிவாரம் எதுவும் இல்லாமல் நின்று வென்றார். யீலானில் குவோமின்தாங் மாவட்டத் தலைமையை இழந்தது ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் அதுவே முதல் முறை. 1985-இல் இன்னும் பெரிய வெற்றி.

தைவானிய மொழியில் 'ஆமை முடி' என்று ஒரு சொல் இருக்கிறது. அளவுக்கு மீறி நுணுக்கம் பார்ப்பவரை, எதிலும் நிறைவடையாதவரை அப்படிச் சொல்வார்கள். சென் டிங்நானைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்தச் சொல்லைத் தவறாமல் கையாள்கிறார்கள். கோப்பில் ஓர் எழுத்துப் பிழையைக்கூட விடமாட்டார், கட்டுமானத்தில் தரக்குறைவைப் பொறுக்க மாட்டார், பரிசுப் பொருளைத் தொடமாட்டார். கூட வேலை பார்த்தவர்களுக்கு அது எளிதாக இருந்திருக்காது. தணிக்கைக்காரனாகச் சொல்கிறேன்: நுணுக்கம் பார்க்கும் அதிகாரியின் கீழ் வேலை செய்வது துன்பம், அவர் கட்டிய பாலத்தின் மேல் நடப்பது நிம்மதி. மக்கள் வைத்த பெயர் வேறு. 'சென் நீலவானம்' என்றார்கள். சீன மரபில் நேர்மை தவறாத நீதிபதியை நீலவானம் என்று அழைப்பது வழக்கம். அநியாயம் என்ற மேகத்தை விலக்குகிறவர் என்பது கருத்து. சோங் அரச மரபின் காலத்து நீதிபதி பாவ் செங்குக்குக் கிடைத்த அடைமொழி அது.

யீலானில் அந்தப் பெயருக்கு நேர்ப்பொருளும் இருந்தது. அங்கே சுண்ணாம்பு மலைகள் உண்டு, அதனால் சிமெண்ட் ஆலைகளும் உண்டு. ஆலைத் தூசி வயலிலும் கூரையிலும் படிந்துகொண்டிருந்தது. சென் பதவிக்கு வந்ததும் ஆலைகளின் மாசைக் கட்டுப்படுத்துவதில் பிடிவாதமாக நின்றார். முதலாளிகள் மாவட்டத் தலைவரைப் பார்த்துப் பேசி முடித்துக்கொள்ளும் பழைய வழி அவரிடம் எடுபடவில்லை.

ஆற்றுக்கு வருகிறேன். தோங்ஷான் மழைக்காலத்தில் பெருக்கெடுத்து ஊர்களை மூழ்கடித்த ஆறு. 1970-களில் அதை நேராக வெட்டிக் கரை உயர்த்தினார்கள். வெள்ளம் அடங்கியது. பொறியாளர்கள் பார்வையில் வேலை முடிந்துவிட்டது. சென் அதோடு விடவில்லை. மக்கள் பல தலைமுறையாகப் பயந்த ஆற்றை மக்கள் போய் உட்காரும் இடமாக்க வேண்டும் என்று நினைத்தார். ஜப்பானிலிருந்து 'யானை' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த ஒரு கட்டடக்கலைக் குழுவை வரவழைத்தார். லுவோதோங் நகரில் ஒரு பெரிய விளையாட்டுப் பூங்காவுக்கும் திட்டம் போட்டார். ஓர் ஏழை மாவட்டத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஏழை ஊரின் பொதுவிடம் அழகாகவும் உறுதியாகவும் இருப்பதில் என்ன தவறு என்பது அவர் செய்கையே சொன்ன பதில். அந்த ஆற்றுப் பூங்கா அவர் பதவிக்காலத்தில் முடியவில்லை. அவருக்குப் பின் வந்த யூ ஷிகுன் அதை நிறுத்தாமல் கட்டி முடித்துத் திறந்தார். 1996 முதல் அங்கே கோடைக்காலத்தில் சர்வதேசக் குழந்தைகள் நாட்டுப்புறக் கலைவிழா நடந்து வருகிறது. முன்னவர் தொடங்கியதைப் பின்னவர் கைவிடாமல் முடிப்பது எவ்வளவு அரிது என்று, பாதியில் நின்ற எத்தனையோ கட்டடங்களைத் தணிக்கை செய்த எனக்குத் தெரியும். யூ ஷிகுனுக்கும் இந்தக் கதையில் சம பங்கு உண்டு.

கல்லும் மண்ணும் அல்லாத வேறு வேலை ஒன்றையும் அவர் செய்தார். அந்நாளில் ஒவ்வோர் அரசு அலுவலகத்திலும் பள்ளியிலும் பணியாளர் பிரிவுக்குள் 'இரண்டாம் அலுவலகம்' என்று ஒன்று இருக்கும். ஆசிரியர் யாரோடு பேசுகிறார், எழுத்தர் என்ன படிக்கிறார், அரசின் மேல் விசுவாசம் எப்படி என்று கோப்பு எழுதுவதே அதன் வேலை. பதவி உயர்வும் மாற்றலும் அந்தக் கோப்பைப் பொறுத்தது. தன் பேரில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த ஆசிரியருக்குத் தெரியாது. சென் தம் இரண்டாம் பதவிக்காலத்தில் யீலானின் விசுவாசக் கோப்புகளை அழிக்கச் செய்தார். திரையரங்கில் படம் தொடங்கும் முன் தேசிய கீதம் போட்டு எல்லாரும் எழுந்து நிற்கும் கட்டாயத்தையும் தம் மாவட்டத்தில் நீக்கினார். சிறிய செயல்போலத் தெரியும். ஆனால் இருட்டில் உட்கார்ந்திருப்பவன் எழுந்து நிற்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆட்சியில் அது சிறிய செயல் இல்லை.

கோப்புகளை அழித்தது பற்றி ஒரு சொல். ஆவணத்தை அழிப்பது என் தொழிலுக்கு ஒவ்வாதது. அந்தத் தாள்கள் இருந்திருந்தால் யார் யாரை வேவு பார்த்தார்கள் என்று இன்றைய ஆராய்ச்சியாளர் எழுதலாம். இருந்தாலும் அன்றைக்கு அவை உயிருள்ள கோப்புகள். நாளைக்கே இன்னொருவர் வந்து அவற்றைத் திறந்து ஓர் ஆசிரியரின் பிழைப்பைக் கெடுத்திருக்கலாம். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

இனி 1987 டிசம்பர் 13. சென் டிங்நானைத் தைவான் முழுவதும் அறியச் செய்த நாள் அதுதான்.

கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் நாஃப்தாவை உடைத்து எத்திலீன் முதலிய பொருள்களை எடுக்கும் ஆலைதான் நெகிழித் தொழிலின் தாய். தைவானில் முதல் ஐந்து ஆலைகளும் அரசு நிறுவனத்துக்கு உரியவை. ஆறாவதைத் தனியார் கட்டலாம் என்று அரசு இசைந்தது. கட்ட முன்வந்தது ஃபார்மோசா பிளாஸ்டிக்ஸ். இடம், யீலானின் லீசே தொழிற்பகுதி. நிறுவனர் வாங் யுங்சிங் ஏழைத் தேயிலைக் குடியானவரின் மகன். பதினாறு வயதில் ஜியாயி நகரில் அரிசிக் கடை வைத்தவர். 1954-இல் தொடங்கிய நிறுவனத்தைத் தீவின் மிகப் பெரிய தொழில் குழுமங்களில் ஒன்றாக வளர்த்தவர். 'நிர்வாகக் கடவுள்' என்று பத்திரிகைகள் எழுதின. அவர் ஒரு மாவட்டத்துக்கு வருகிறார் என்றால் வேலை வரும், வரி வரும், சாலை வரும். எந்த ஊரும் மாலையோடு வரவேற்கும் மனிதர்.

காலமும் மாறிக்கொண்டிருந்தது. லூகாங் ஊர் மக்கள் 1986-இல் தெருவுக்கு வந்து, டுபாண்ட் நிறுவனத்தின் ஆலைத் திட்டத்தைக் கைவிடச் செய்தார்கள். 1987 ஜூலையில் காவ்ஷியுங்கின் ஹௌஜின் பகுதி மக்கள் ஐந்தாவது நாஃப்தா ஆலைக்கு எதிராகச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாயிலை மறித்து உட்கார்ந்தார்கள். அந்த மறியல் மூன்றாண்டு நீடித்தது. யீலானிலும் எதிர்ப்பு எழுந்தது. யீலானில் மட்டும் ஒரு வேறுபாடு இருந்தது. வாயிலில் நின்று மறித்த மக்களோடு மாவட்டத் தலைவரும் மேசையில் உட்கார்ந்து மறித்தார்.

அன்று தைவானில் மூன்றே தொலைக்காட்சி நிலையங்கள். மூன்றும் அரசு, ஆளுங்கட்சி, இராணுவம் ஆகியவற்றின் பிடியில். இராணுவச் சட்டம் விலகி ஐந்து மாதம் ஆகிறது. அந்த நிலையங்களில் ஒன்றின் திரையில் எழுபது வயதுத் தொழிலதிபரும் நாற்பத்து நான்கு வயது மாவட்டத் தலைவரும் எதிரெதிரே அமர்ந்து வாதாடினார்கள். கட்சிக்கு வெளியே இருந்த ஒருவர், நாட்டின் பெரும் செல்வரோடு சமமாக உட்கார்ந்து முடியாது என்று சொல்வதைத் தீவு முழுவதும் பார்த்தது.

சென் கோஷம் எழுப்பவில்லை. கட்டுக் கட்டாகத் தரவுகளோடு வந்தார். எதிர்ப்பின் அச்சாணி புவியமைப்பு. மூன்று பக்கம் மலை சூழ்ந்த சமவெளி ஒரு கிண்ணம். காற்று உள்ளே புகுந்தால் வெளியேற வழியில்லை. புகை அங்கேயே சுழலும், மழையோடு வயலில் இறங்கும், நிலத்தடி நீரில் கலக்கும். வாங்கின் தரப்பில் வலுவான வாதங்கள் இருந்தன: நவீனத் தொழில்நுட்பம், நாட்டின் மூலப்பொருள் தேவை, ஏழை மாவட்டத்துக்கு வளர்ச்சி. அவரை வில்லனாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. உழைப்பால் உயர்ந்த ஒரு பெரிய மனிதர், தாம் நல்லது செய்ய வந்திருப்பதாகவே நம்பினார். பெரிய மனிதரின் நல்லெண்ணத்தையும் எண்களால் சோதிக்க வேண்டும் என்று ஓர் உள்ளாட்சித் தலைவர் எழுந்து நின்றார். அந்தத் துணிவுக்காகத்தான் நான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆலை யீலானுக்கு வரவில்லை. பிறகு தாவ்யுவானில் இடம் பார்த்தார்கள், அதுவும் கூடவில்லை. மீண்டும் யீலானுக்கு வர முயன்றபோது யூ ஷிகுனும் மறுத்தார். கடைசியில் மேற்குக் கரையில் யுன்லின் மாவட்டத்தின் மைலியாவ் ஊர் அதை வரவேற்றது. ஆழமற்ற கடலைத் தூர்த்துச் சுமார் 2,600 ஹெக்டேர் நிலம் உண்டாக்கினார்கள். 1990-களின் இறுதியில் உற்பத்தி தொடங்கியது.

இங்கே கதையை முடித்துக் கைதட்டல் வாங்குவது எளிது. அப்படிச் செய்ய மனம் வரவில்லை. யுன்லினும் ஏழை உழவர் மாவட்டம்தான். அங்கும் கடற்கரையில் மீனவர்களும் சிப்பி வளர்ப்பவர்களும் இருந்தார்கள். 2010 ஜூலையில் மட்டும் அந்த வளாகத்தில் இரண்டு முறை பெருந்தீ. அருகே வாழும் குழந்தைகளின் உடல்நலம் குறித்த சர்ச்சை பல ஆண்டு நீடித்தது, ஒரு பள்ளிக் கிளையை இடம் மாற்றும் அளவுக்கு. யீலானின் வானம் நீலமாக இருக்கிறது, மைலியாவின் வானத்தில் புகைபோக்கிகள் நிற்கின்றன. இந்தக் கணக்கைச் சென் டிங்நான் தலையில் எழுத முடியாது. யீலானின் வாக்காளர்கள் அவரிடம் ஒப்படைத்தது யீலானை. ஆனால் உள்ளாட்சித் தலைவர் ஒருவர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அவர் கை எட்டும் தூரம் மாவட்ட எல்லை வரைதான். அதற்கு அப்பால் ஆலையை எங்கே வைப்பது, வைக்கத்தான் வேண்டுமா என்று நாடு முழுவதற்கும் சேர்த்துக் கேட்க வேண்டியவர்கள் அன்று அதைக் கேட்கவில்லை. துணிந்தவன் மறுத்தான், அடுத்த ஊர் சுமந்தது.

1989-இல் எட்டு ஆண்டு முடிந்தது. அதன்பிறகு நாடாளுமன்றத்தில் ஏறத்தாழ பத்தாண்டு. 1986-இல் பிறந்த ஜனநாயக முற்போக்குக் கட்சியில் சற்றுத் தாமதமாகவே சேர்ந்தார். 1994 டிசம்பரில் தைவான் மாகாண ஆளுநர் பதவிக்கு மக்கள் நேரடியாக வாக்களித்த தேர்தல் வந்தது. முதல் முறை, கடைசி முறையும் அதுவே. குவோமின்தாங்கின் ஜேம்ஸ் சூங் 56 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி வென்றார். சென் 39 விழுக்காட்டை நெருங்கினார். நான்கே ஆண்டில் அந்தப் பதவியே இல்லாமல் போனது.

2000-இல் சென் ஷுய்பியன் குடியரசுத் தலைவரானபோது நீதித்துறை அமைச்சர் பதவி வந்தது. 2005 தொடக்கம் வரை இருந்தார். வாக்குக்குப் பணம் கொடுப்பதையும், 'கறுப்புத் தங்கம்' என்று தைவானில் சொல்லப்படும் ரவுடிப் பணக் கூட்டையும் வேரறுக்க முயன்றார். சில குற்றங்களுக்குக் கட்டாய மரணதண்டனை விதித்த பழைய கொள்ளையர் தண்டனைச் சட்டம் அவர் காலத்தில், 2002-இல், நீங்கியது. அது நல்ல செயல். ஆனால் அமைச்சகம் ஆற்றங்கரைபோல் இல்லை. குனிந்து கல்லைத் தடவிப் பார்க்க முடியாது. ஆயிரம் கைகள் வழியாகக் காகிதம் வரும், ஆயிரம் கைகள் வழியாக ஆணை போகும். நுணுக்கம் பார்ப்பவரின் கண்ணுக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை.

2005-இல், அறுபத்திரண்டாவது வயதில், அவர் யீலானுக்கே திரும்பி வந்தார். அமைச்சராக இருந்தவர் மாவட்டத் தலைவர் பதவிக்கு நின்றார். இறங்கி வருகிறார் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது வீடு திரும்புதலாகத்தான் தெரிகிறது. குவோமின்தாங்கின் லூ குவோஹுவாவிடம் தோற்றார். 1981-இல் அவரே தொடங்கிவைத்த, குவோமின்தாங் அல்லாதவர்களின் 24 ஆண்டுத் தொடர் ஆட்சி அவர் தோல்வியோடு முடிந்தது. எட்டு ஆண்டில் அவர் காத்த ஊரில் அவரை நேரில் அறியாத ஒரு தலைமுறை வாக்களிக்க வந்துவிட்டிருந்தது. அவர்களுக்கு நீல வானம் பிறந்ததிலிருந்து இருப்பது. யாரோ வாதாடிக் கிடைத்தது என்று எப்படித் தோன்றும்?

மறு ஆண்டு, 2006 ஜூன் 16 அன்று, ஷூஷான் சுரங்கப்பாதை திறந்தது. கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். பதினைந்து ஆண்டு தோண்டினார்கள், 25 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். யீலானைத் தனிமையில் வைத்திருந்த மலை துளைபட்டது. தைபேயிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அந்த நீல வானத்தையும் நெல் வயலையும் ஆற்றையும் பார்க்கக் கூட்டம் வந்தது. வந்தவர்களுக்கு அங்கேயே ஒரு வீடு வேண்டும் என்று தோன்றியது. பண்ணைவீடு என்ற பெயரில் வயல்களுக்கு நடுவே மாளிகைகள் முளைத்தன. வயலைக் காக்க அவர் ஓர் ஆலையை மறுத்தார். காத்த வயலின் அழகே பின்னால் வீட்டு மனை விலையை ஏற்றியது. இதற்குத் தொலைக்காட்சியில் எதிரே உட்கார வைத்து வாதாட ஒரு வாங் யுங்சிங் இல்லை.

சுரங்கம் திறந்து ஐந்து மாதம் முடியும் முன், 2006 நவம்பர் 5 அன்று, சென் டிங்நான் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 63.

சான்சிங்கில் அவர் பிறந்து வளர்ந்த இடம் இப்போது நினைவகம். நாங்கள் போன நாளில் மழை தூறிக்கொண்டிருந்தது. சாலையின் இருபுறமும் வெங்காயத்தாள் பாத்திகள், பாத்திகளுக்கு வைக்கோல் மூடாக்கு, ஒரு பெண்மணி குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர் பாத்தி முடியும் இடத்தில் ஒரு புதிய மாடி வீடு. அதற்கு அப்பால் இன்னொரு பாத்தி. மகன் வண்டியை நிறுத்தினான். அந்த ஆற்றங்கரைக் கல்லைத் தொட்டுப் பார்த்ததுபோல இங்கும் இறங்கி அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். கறுத்த, ஈரமான, நல்ல மண்.